ஈரத்தைக் காட்டச் சொன்ன மிஸ்ஸி

முதியோர் இல்லத்து வாசற்கதவிலிருந்து என் மனைவியின் கட்டில் வரைக்கும் நடந்தால் அறுபத்து நான்கு எட்டு. அந்த அறுபத்து நான்கு எட்டுக்குள் அந்த நர்ஸ் மிஸ்ஸி என்னை மூன்று தடவை கை கழுவ வைத்தார். அவர் வேலைக்கு வந்த முதல் நாள் அது. எனக்கு வந்த கோபத்தில் கஞ்சி மங்குக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்த வழியே திரும்பியிருப்பேன். திரும்ப முடியாது. பக்கவாதம் வந்து படுத்த பிறகு என் மனைவி வேறு யார் ஊட்டினாலும் பல்லைக் கடித்துக்கொள்வாள். என் கைக்கு மட்டும்தான் வாயைத் திறப்பாள்.

"வீட்டிலேயே கழுவிட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

"கழுவினேன்னு சொல்லாதீங்க ஐயா. ஈரத்தக் காட்டுங்க."

நான் முப்பத்தொரு வருடம் தோட்டத்தில் கிராணியாக, கணக்கெழுதுபவனாக இருந்தவன். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் இருநூறு பேர் என் முன்னால் வரிசையாக நின்று பேர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர்கூட என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்ததில்லை. இவர் பார்த்தார். விரல் இடுக்குகளில் சின்ன டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தார். பத்து நகங்களையும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார்.

கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் போகிற சாலையை விட்டு உள்ளே திரும்பினால், செம்பனைக்கு நடுவில் பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி. அதைத்தான் முதியோர் பராமரிப்பு இல்லமாக்கியிருந்தார்கள். ஆண்கள் கூடத்தில் இருபத்திரண்டு கட்டில், பெண்கள் கூடத்தில் இருபது. நடுவில் ஒரு நடை. கோவிட் காலத்தில் அங்கே பல கட்டில்கள் காலியாகின. அதன் பிறகு பயந்துபோன நிர்வாகக் குழு, அரசாங்க ஆஸ்பத்திரியின் தொற்றுத் தடுப்புப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற இவரைக் கொண்டுவந்தது. தினமும் புஞ்சாக் ஆலாமிலிருந்து தானே காரோட்டி வருவார். வளையல் இல்லை, மோதிரம் இல்லை, கடிகாரம் இல்லை. மணியை எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருப்பார். என்னிடம்தான் அதிகம் கேட்டார், நான் நிமிடத்தோடு சொல்வேன் என்பதால்.

மற்ற மிஸ்ஸிகள் மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். இவர் யாருக்கும் எதுவும் செய்து நான் பார்க்கவில்லை. நடந்தார், பார்த்தார். அழுக்குப் போர்வையை உதறினால் கத்துவார். கழிப்பறைத் துடைப்பம் கூடத்துக்குள் வந்தால் அதைப் பிடுங்கிக் குப்பையில் போடுவார். நேற்றுக் கலந்த கிளோரின் தண்ணீர் வாளியில் மிச்சமிருந்தால் காலால் கவிழ்ப்பார். தையற்கடை அளவு நாடா ஒன்றை வைத்துக்கொண்டு கட்டிலுக்கும் கட்டிலுக்கும் உள்ள தூரத்தை வாரம் ஒரு முறை அளப்பார். இதற்கு ஓர் ஆள், அதற்கு ஒரு சம்பளமா என்று நான் இல்லத்துத் தலைவரிடமே கேட்டேன்.

அது அவர் காதுக்கு எட்டிவிட்டது. மறுநாள் என்னிடம் வந்து, "சீக்கானவங்களப் பாக்குறதுக்கு இங்க மூணு பேரு இருக்காங்க ஐயா. சீக்கு வராதவங்களப் பாக்குறதுக்கு நான் ஒருத்திதான். நான் ஒழுங்கா வேலை செஞ்சா ஒண்ணுமே நடக்காது. ஒண்ணும் நடக்கலன்னா இவளுக்கு என்னா வேலைன்னு கேப்பீங்க. கேளுங்க" என்றார். சிரிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை நான் அவரிடம் உண்மையாகவே சண்டைக்குப் போனேன். துணிக்குப் போடும் நீலப்பொடி இருக்கிறதல்லவா, அதில் ஒரு சிட்டிகையைக் காலையில் ஒரே ஒரு சக்கர நாற்காலியின் கறுப்பு ரப்பர்ப் பிடியில் தூவிவிட்டார். கறுப்பில் அது கண்ணுக்குத் தெரியாது. ஈரம் பட்டால்தான் நிறம் கக்கும். மாலைத் தேநீர் வேளையில் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அவர் ஒவ்வோர் இடமாகத் துடைத்துக் காட்டினார். கதவுக் குமிழ், தண்ணீர்க் குவளை, தொலைக்காட்சி ரிமோட், ஒரு கிழவரின் காது, சமையற்கட்டில் சீனி டப்பாவின் மூடி. நான் எண்ணினேன், இருபத்தாறு இடம். இருபத்தேழாவது, என் மனைவியின் கன்னம்.

"படுத்த படுக்கையா கிடக்கிறவளை வெச்சா விளையாடுறீங்க?" என்று கத்தினேன். நடையில் போனவர்கள் நின்றார்கள்.

"நான் நாற்காலியில மட்டும்தான் போட்டேன் ஐயா" என்றார். "இந்தம்மா அந்த நாற்காலியில உக்காரவே இல்ல. கன்னத்துல கொண்டாந்து போட்டது யாரு?"

அன்று காலையில் வழியை மறித்துக்கொண்டிருந்த அந்த நாற்காலியை ஒதுக்கி வைத்தவன் நான். பிறகு போய் அவள் கன்னத்தைத் தடவியவனும் நான். மூன்று தடவை கை கழுவிய பிறகு, நான்காவதாக ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. அது புரிந்ததாலேயே எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

அவர் அதோடு விடவில்லை. பின்னாலேயே வந்து ஒரு அட்டையையும் பென்சிலையும் நீட்டினார்.

"நீங்கதான் எல்லாத்தையும் எண்ணுறீங்களே. நடக்குற எட்ட எண்ணுறீங்க, மாத்திரை எண்ணுறீங்க. மின்விசிறி ஒரு நிமிசத்துக்கு எத்தனை சுத்துன்னு கூடக் கேட்டீங்களாம். இத எண்ணுங்க. ஒரு ஆளத் தொடுறதுக்கு முன்னால கழுவுனா ஒரு கோடு, கழுவாம தொட்டா ஒரு வட்டம். நான் நின்னா எல்லாரும் கழுவுவாங்க. நீங்க உக்காந்திருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க."

"நான் என்ன ஒற்றனா?"

"தோட்டத்துல காலையில ஆள எண்ணுனீங்க. இங்க கைய எண்ணுங்க. அவ்வளவுதான் லா."

எண்ணினேன். நடையின் நடுவில் நாற்காலி போட்டு, காலை பதினொன்றரை முதல் ஒன்றரை வரைக்கும். மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தோனேசியப் பணிப்பெண் ஒருத்தி எனக்கு சிசிடிவி தாத்தா என்று பெயர் வைத்தாள். அதைத் தமிழ்ப் பெண் ஒருத்தி எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, "ஐயா, நாங்க கக்கூஸ் போறதையும் எழுதுவீங்களா லா?" என்று கேட்டாள். "போய்விட்டுக் கழுவாமல் வந்தால் எழுதுவேன்" என்றேன். முதல் வாரம் நூற்றுக்கு முப்பத்து நான்கு கோடு. நான்காம் மாதம் எழுபத்தொன்று. எழுபத்தொன்று வந்த அன்று அவர் அட்டையை வாங்கி வெகு நேரம் பார்த்தார். எனக்கும் உள்ளூர ஒரு பெருமை. அந்த நேரத்தில்தான் குடும்பத்தார் சார்பில் என்னை நிர்வாகக் குழுவில் ஏழாவது ஆளாகச் சேர்த்தார்கள்.

பெருமைப்பட்டதற்குச் சரியாகக் கிடைத்தது எனக்கு.

ஒரு திங்கட்கிழமை ஆண்கள் கூடத்தில் இரண்டு பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். செவ்வாய்க்கிழமை ஐந்து பேர். அவர் அந்த ஐந்து பேரையும் பின்கட்டு அறைக்கு மாற்றினார். இல்லத்து வாசலில் சிவப்பு நாடாவை ஒட்டினார். பார்வையாளர் யாரும் உள்ளே வரக்கூடாது. பெண்கள் கூடத்தில் அதுவரை ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அதைக் காப்பாற்றத்தான் இத்தனையும். எனக்கு அது புரிந்தது. புரிந்தும் வியாழக்கிழமை காலையில் நாடாவுக்கு வெளியே நின்று திட்டினேன்.

"உள்ள இருக்கிறவ மூணு நாளா சாப்பிடல. செத்தா நீங்களா பதில் சொல்வீங்க?"

"சொல்றேன். கஞ்சியக் குடுங்க, நான் ஊட்டிப் பாக்குறேன்" என்றார். வாங்கிக்கொண்டு போனார். நாற்பது நிமிடம் கழித்து மங்கு நிறையத் திரும்பி வந்தது. "வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க ஐயா. சொட்டுச் சொட்டா தண்ணி போகுது. இன்னும் நாலு நாளு பொறுங்க. கடைசி ஆளுக்கு வயித்துப்போக்கு நின்னு, அதுக்கு மேல ரெண்டு நாள் முழுசாப் போகணும்." மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று மற்ற மிஸ்ஸி ஒருவர் சொன்னது மட்டும்தான் என் காதில் நின்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஒரு திவசம் வர இருந்தது. லோரி முதலாளி ஒருவர் தன் தாயாரின் திவசத்தை நான்கு வருடமாக அந்த இல்லத்தில்தான் செய்துவந்தார். சோறு போடுவதோடு நிற்காது. ஒவ்வொருவருக்கும் முதல் வாயைத் தன் கையாலேயே பிசைந்து ஊட்டுவார், பெற்ற தாய்க்கு ஊட்டுவதுபோல. படம் பிடிக்க ஆள் கூட வரும். பெண்கள் கூடத்தின் கூரையை மாற்றிக் கொடுத்தவர் அவர்.

வியாழக்கிழமை மாலையே குழு கூடியது. மிஸ்ஸி நின்றுகொண்டே பேசினார்.

"சோத்த அனுப்பட்டும். நாங்க பரிமாறுறோம். ஊட்டுறது மட்டும் வேணாம். ஒரே கை, அத்தனை வாய். இன்னிக்கு நல்லா இருக்கிறவரு நாளைக்கு எப்படி இருப்பாருன்னு எனக்கே தெரியாது."

"அவரு அம்மா திவசம் மிஸ்ஸி" என்றார் தலைவர். "பெத்த தாய நெனச்சு ஊட்டுறாரு. அந்தக் கையில போய் சீக்கு இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அவரு கையில இல்ல சார். இவங்க வாயில இருக்கு. அவரு கை எடுத்துட்டுப் போகும்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "கிராணியாரே, நீங்கதானே எண்ணுறீங்க? கை கழுவுறதெல்லாம் எப்படி இருக்கு?"

நான் சொன்னேன், "நூற்றுக்கு எழுபத்தொன்று."

"அது வேலையாளுங்க கணக்கு ஐயா" என்றார் மிஸ்ஸி. "அதுவும் நீங்க பாத்துட்டு இருக்கிறப்ப."

தெரியாதா எனக்கு? எந்த எண் எதற்கு உரியது என்று தெரியாமலா முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதினேன்? கதவு திறந்தால் நானும் உள்ளே போகலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதனால் மறுபடியும், இன்னும் உரக்க, எழுபத்தொன்று என்றேன். வழக்கம்போலவே நடக்கட்டும் என்று தலைவர் குறிப்பேட்டை மூடினார். கூட்டம் முடிந்ததும் அவர்கள் இரண்டு காரில் பாசிர் பெனம்பாங்குக்கு நண்டு சாப்பிடப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நாடாவைக் கிழித்துவிட்டார்கள். மிஸ்ஸி நடையில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துக்கொண்டு முதலாளியை மறித்தார்.

"ஊட்டுங்க சார். ஆனா ஒவ்வொரு வாய்க்கும் நடுவுல இதுல கழுவணும். முப்பத்தேழு பேரு, முப்பத்தேழு தடவ."

முதலாளி கெட்டவரில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். "சரிம்மா" என்று கழுவினார். முதல் கிழவருக்கு ஊட்டினார், கண் கலங்கினார், திரும்பி வந்து மறுபடியும் கழுவினார். படம் பிடிப்பவன், "அண்ணே, இப்படிப் போய்ப் போய் வந்தா நல்லா வராது, ஒரே ஓட்டமா போங்க" என்றான். தலைவர் மிஸ்ஸியின் அருகில் வந்து, "பின்னால அஞ்சு பேரு இருக்காங்களே, அவங்களப் போய்ப் பாருங்க" என்றார். அது கோரிக்கை இல்லை, உத்தரவு. மிஸ்ஸி வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். பின்கட்டுக்கும் பெண்கள் கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு முதலாளி கழுவவே இல்லை. ஆண்கள் கூடத்தில் பதினேழு வாய். அதே கையோடு பெண்கள் கூடம். அட்டை என் சட்டைப்பையில் இருந்தது, கை பழக்கத்தில் அதை எடுத்தது. ஒரு கோடு, ஒரு கோடு, பிறகு வட்டம், வட்டம், வட்டம். பெண்கள் கூடத்துக்கு வந்ததும் நான் மனைவியின் தலைமாட்டில் கஞ்சி மங்கோடு நின்றேன். இருபத்தெட்டாவதாக அந்தக் கை அவளிடம் வந்தது. பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு, உருண்டையாக. "அம்மா, ஒரு வாய்" என்றார் முதலாளி.

அவள் வாயைத் திறந்தாள்.

இருபத்திரண்டு மாதமாக என் கைக்கு மட்டும் திறந்த வாய். மென்றாள், விழுங்கினாள், இன்னொரு வாய்க்குப் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். தலைவர் என் தோளைத் தட்டினார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்கள் கூடத்தில் நான்கு பேருக்குத் தொடங்கியது. திங்களன்று பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரில் என் மனைவியும் ஒருத்தி. மூன்றாம் கட்டில் அம்மாள் செவ்வாய்க்கிழமை போனார். பன்னிரண்டாம் கட்டில், என் மனைவிக்கு அடுத்த கட்டில், தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். என் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் புதன்கிழமை போனார். சாகும் வயதுதானே என்று குழுவில் ஒருவர் சொன்னார். யார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவரோடு பேசுவதில்லை.

ஞாயிறு மிஸ்ஸிக்கு விடுமுறை. வந்துவிட்டார். யாருக்கும் எதுவும் செய்து நான் பார்த்ததில்லை என்று சொன்னேனே, அந்த மூன்று நாளில் பார்த்தேன். காலையிலிருந்து மாலை வரைக்கும் என் மனைவிக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, உப்பும் சீனியும் கலந்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்கு ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினார். பல்லைக் கடித்தால் கன்னத்தின் ஓரமாக விட்டார். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகுமுன் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கழுவினார். என் மனைவிக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு கரண்டி. அவரது விரல்கள் வெளுத்து, தோல் உரிந்திருந்தது. நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

என் மனைவி பிழைத்தாள்.

அடுத்த வாரம் குழு கூடியது. இரண்டு சாவு, பதினாறு பேருக்கு நோய். யாராவது பொறுப்பேற்க வேண்டும். தலைவர் எடுத்ததுமே சொன்னார், "தொத்து வராம பாக்குறதுக்குத்தான் ஒரு ஆள வெச்சோம். தொத்து வந்துருச்சு. அப்பறம் அந்த வேலை எதுக்கு?" மிஸ்ஸி மேசையின் மறுகோடியில், முதல் தடவையாக உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தாள். யாருக்கு, எந்தக் கட்டிலில், எந்த நாளில் தொடங்கியது என்று வரிசையாக எழுதியிருந்தது. ஆண்கள் கூடத்திலிருந்து பெண்கள் கூடத்துக்கு அது எந்த நாளில் தாண்டியது என்பது அதில் தெளிவாக இருந்தது. எப்படித் தாண்டியது என்பதற்கு மட்டும் அவரிடம் சாட்சி இல்லை. அவரைத்தான் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்களே, வாளி இருந்த நடை அந்தச் சன்னலிலிருந்து தெரியாதே.

சாட்சி என் சட்டைப்பையில் இருந்தது. எழுந்தேன். அட்டையை மேசைமேல் போட்டேன்.

"முப்பத்தேழு வாய்க்கு இரண்டே தடவைதான் கழுவினார். முதல் வாய்க்கு முன்னால் ஒன்று, இரண்டாம் வாய்க்கு முன்னால் ஒன்று. அதற்குப் பிறகு இல்லை. நான் எண்ணினேன்."

குழுவில் இருந்த இரண்டு பேர் அட்டையை எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணி, "அப்படின்னா மிஸ்ஸி மேல என்னா தப்பு?" என்று தொடங்கினார். தலைவர் என்னை நேராகப் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்க அங்கயேதானே நின்னீங்க கிராணியாரே? ஏன் அப்பவே சொல்லல?"

அந்த மனிதரை நான் எத்தனையோ விதமாக வெறுத்திருக்கிறேன். ஆனால் அந்த மேசையில் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

பதில் சொன்னது மிஸ்ஸி.

"விடுங்க சார். நான் சன்னல் வழியாப் பாத்தேன். அவரு சம்சாரம் வேற ஆளு கைக்கு வாயத் தொறந்துச்சு. ரெண்டு வருசத்துல மொத தடவ. அவரு அந்த முகத்தத்தான் பாத்துட்டு இருந்தாரு. அந்த நேரத்துல யாருக்கு என்னா கண்ணு தெரியும்?"

எனக்காகச் சொன்னார். நான் அந்த அறையில் அவமானப்பட்டுப்போகக் கூடாது என்று சொன்னார். தலைவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"அதான் பாருங்க" என்றார் இரக்கமான குரலில். "பாவம், ஐயா மனசு கலங்கி நின்னுருக்காரு. அந்த நேரத்துல போட்ட கோட்டையும் வட்டத்தையும் நாம எப்படி ஒரு கணக்குன்னு எடுத்துக்கிறது?" அட்டையை விரல் நுனியால் என் பக்கம் திருப்பித் தள்ளினார். "அப்படித்தானே கிராணியாரே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மிஸ்ஸியும் பார்த்தார். இல்லை என்று ஒரு சொல் போதும். என் மனம் கலங்கவில்லை, கண் மறைக்கவில்லை, இருபத்தெட்டாவது வாய்க்கான வட்டத்தை நான் போட்டது அவள் வாயைத் திறந்துகொண்டிருந்த அந்த நொடியில்தான், அந்தக் கை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டேதான் நின்றேன் என்று சொல்லியிருந்தால், அந்த அட்டை மேசைமேலேயே இருந்திருக்கும். அவர் வேலையும் இருந்திருக்கும்.

நான் அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.